பட்டனுக்குள் ஐந்து துளை

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு.

பொள்ளாச்சியில் இதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரித்த வாயோடு நாளைக்கு அந்தச் சீடரிடம்தான் போய் உட்கார வேண்டியிருக்கும். டாக்டர் மருதாசலம், பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேரின் கடைவாய் அவருக்கு மனப்பாடம்.

குருவின் பெயர் தஸ்லிமா. ஒரு காலத்தில் மாநில அணியில் சுட்டவர். இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொப்பரைக் குடோனை வாடகைக்குப் பிடித்து, பத்து மீட்டர் தூரத்துக்கு நான்கு தடம் போட்டு, ஏர் ரைஃபிள் சுடக் கற்றுக்கொடுக்கிறார். சுவருக்கு வெள்ளையடித்தும் கொப்பரை வாசம் போகவில்லை. அங்கே போய் வருகிறவர்கள் வீட்டுக்கு அந்த வாசத்தோடுதான் திரும்புவார்கள்.

அந்தக் குடோனில் மார்க் எண்ணுவது கிடையாது. ஐந்து குண்டு சுட்டதும் அட்டையை எடுத்துக்கொண்டு தஸ்லிமாவின் மேசைக்குப் போக வேண்டும். மேசையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டன் கிடக்கும். அதை எடுத்துத் துளைகளின் மேல் வைப்பார். ஐந்தும் மறைந்தால் ஒரு தலையாட்டல். ஒரு துளையின் ஓரம் எட்டிப் பார்த்தாலும், "இன்னொரு அட்டை." அவ்வளவுதான். கறுப்பு வட்டத்துக்கு நடுவே பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று அவர் கேட்டதே இல்லை.

ஓரத்தில்தான் பட்டது. எப்போதும் இடது ஓரத்தில். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பழகுவது ஒரே துப்பாக்கியில். அது முப்பது வருடத்துக்கு முந்தையது. கட்டையில் வார்னிஷ் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. குறி பார்க்கும் துளையை நகர்த்துகிற திருகின் மேல் யாரோ சிவப்புப் பெயிண்ட் அப்பியிருந்ததால் அது அசையாது. நடுவைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வட்டம் தள்ளி இடது பக்கம் போய் விழும். அதற்கு 'இடதுசாரி' என்று பெயர் வைத்தது கொப்பரை வியாபாரி அருணகிரி.

மற்றவர்கள் கொஞ்ச நாள் பழகிவிட்டு ஆளுக்கொரு புதுத் துப்பாக்கி வாங்கிக்கொண்டார்கள். டாக்டருக்கு மட்டும் இடதுசாரியை விட மனசு வரவில்லை. அதன் கனம் தோளுக்குப் பழகிவிட்டது. தவிர, பழுதானதைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவரால் முடியாது. தொழில் அப்படி.

ஒரு நாள் கேட்டார்.

"ஏனுங்க மேடம், இதை ஏன் இன்னும் யாரும் சரி பண்ணலை?"

"உங்களுக்குச் சரி பண்ணத் தெரியுங்களா?"

"இதென்னங்க. ஒரு அங்குலம் அகலத்துல விரலை விட்டு வேலை பார்க்கிறவன் நான். இது இவ்வளவு பெருசா வெளியவே கிடக்குது."

தஸ்லிமா உறையை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. குழலைத் திறந்தபடியே கொண்டு போங்க."

"மாவட்டப் போட்டிக்கு இதுலயே சுடறனுங்க."

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. மூத்தோர் பிரிவில் குடோனுக்கு ஒரே ஓர் இடம். அதை டாக்டருக்குத் தருவதாகத் தஸ்லிமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். டாக்டரும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லியிருந்தார். அவர்களால் பதில் பேச முடியாது.

"என் ரைஃபிள்ல சுட்டா இடம் உங்களுக்குத்தான், டாக்டர். இதுலதான் சுடுவேன்னா, போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டன் வைப்பேன். மறைஞ்சா நீங்க. மறையலைன்னா அருணகிரி போவாரு."

அருணகிரி பக்கத்துத் தடத்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கும் அன்னிக்கு நான் வெளியூர் போகாம இருக்கறனுங்க."

"தாராளமா போய்ட்டு வாங்க அருணகிரி" என்றார் டாக்டர்.

கிளினிக்குக்கு மேலே மாடியில் ஓர் அறை. டாக்டர் பழைய பெட்ஷீட்டை விரித்து, துப்பாக்கியைக் கழற்றி வைத்தார். இரும்பு ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். திருகுகளைப் பல்செட் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு மூடினார். வார்னிஷை உரித்தார். உப்புத்தாளால் மரத்தின் வாக்கிலேயே தேய்க்கத் தேய்க்க, உள்ளேயிருந்து தேன் நிறத்தில் ரேகைகள் கிளம்பின. விழுந்த மரத்தூளைக்கூட ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார். அவர் எதையும் எளிதில் தூக்கிப் போடுகிறவர் இல்லை.

அவருடைய மனைவி பூங்கொடி மாடிப்படியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, கீழ பேஷண்ட் உக்காந்திருக்காங்க."

"வலிக்குதான்னு கேளு."

"பல்லு டாக்டர்கிட்ட வலிக்காமயா வருவாங்க?"

"அஞ்சு நிமிஷம்."

பூங்கொடி அறைக்குள் வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, கட்டையின் உள்பள்ளத்தில் குனிந்திருந்தார். இரும்பு வந்து உட்காருகிற பள்ளம் அது. அதில் கறுப்பாக, கெட்டியாக என்னவோ அப்பிக் கிடந்தது.

"பார்த்தியா பூங்கொடி, காரை. எத்தனை வருஷமாச்சோ க்ளீன் பண்ணி."

"அங்க எப்படிங்க காரை வரும்?"

"அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து இறுகியிருக்கும்."

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்களேன்."

"பல்லுல காரை எடுக்க பேஷண்டோட அப்பாவைக் கேக்கறமா?"

பல்லைச் சுரண்டும் கொக்கியை எடுத்தார். அது தெறித்துத் தெறித்து வந்தது. மூலை முடுக்கெல்லாம் சுரண்டி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்தார். பள்ளம் பளிச்சென்று ஆனது. இருபத்தாறு வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை அவர் எந்த வாயிலும் பார்த்ததில்லை. இத்தனை நேரம் அசையாமல் வாயைத் திறந்து வைத்திருக்கிற பேஷண்டும் கிடைத்ததில்லை.

அப்புறம் சிவப்புப் பெயிண்டைச் சுரண்டி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, அந்தத் திருகையும் அசைய வைத்தார். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையாலேயே தடவித் தடவி ஏற்றினார். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து அடுத்ததைப் போட்டார். பூட்டி முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது, வீட்டுக்கு மணப்பெண் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் பூங்கொடி. அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை.

குடோனில் இடதுசாரியை உறையிலிருந்து உருவியதும் நான்கு தடத்திலும் வேலை நின்றுவிட்டது. டாக்டர் முதலில் இரண்டு குண்டு சுட்டுப் பார்த்து, திருகைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு ஐந்து குண்டு.

அட்டை வந்தது. ஐந்தும் நடுவில். ஒன்று நடுப் புள்ளியையே தின்றிருந்தது. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே, இரண்டு அக்கம்பக்கத்தில். கறுப்பு வட்டத்துக்குள் பூத்த மாதிரி இருந்தது.

"இடதுசாரி நடுநிலையாயிருச்சு சாமி" என்றார் அருணகிரி. "நான் வெளியூரே போறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். தஸ்லிமாவும் எழுந்து வந்து, அட்டையைப் பார்த்து, கை தட்டினார். கட்டையைத் தடவிப் பார்த்து, "கண்ணாடியாட்டம் இருக்கு, டாக்டர்" என்றார். பட்டன் மேசையில் கிடந்தது.

அன்றிரவு டாக்டர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மறுநாள் குண்டு வலது பக்கம் போனது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. திருகு இருக்கிறதே. திருப்பினார். நடுவுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் கீழே இறங்கியது. திருப்பினார். அப்புறம் ஒரே அட்டையிலேயே ஒன்று மேலே, ஒன்று இடதில், ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு திருப்பு. போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது தஸ்லிமா பட்டனை எடுத்து அட்டையில் வைத்துப் பார்த்தார். பட்டனுக்கு அடியில் ஒரு துளையும் இல்லை. பட்டனைச் சுற்றி ஐந்து துளை இருந்தது.

"எத்தனை தடவை திருப்பினீங்க?"

"எண்ணலைங்க மேடம்."

"ஒவ்வொரு தடவையும் சரியாச்சா?"

"ஆச்சுங்க. அடுத்த குண்டு வரைக்கும்."

"இப்ப என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"அதைத்தானுங்க உங்ககிட்டக் கேக்கலாம்னு. என்னதாங்க கோளாறு இதுல?"

தஸ்லிமா கையை நீட்டினார். துப்பாக்கியை வாங்கினார். குழல் திறந்திருக்கிறதா, காலியா என்று பார்த்தார். ஒரு கையால் கட்டையை இறுக்கிப் பிடித்தார். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் இரும்பின் மேல் வைத்து, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார்.

டுக்.

கேட்டும் கேட்காததுமாக ஒரு சத்தம். குடோனில் வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. டாக்டருக்கு விழுந்தது. தினமும் அதே இரண்டு விரலால் அதே மாதிரி அசைத்துப் பார்க்கிறவர் அவர்.

"ஆடுது" என்றார்.

"ஆமா."

"திருகெல்லாம் நல்லா முறுக்கித்தானுங்களே விட்டேன்."

"உள்ள கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, டாக்டர்?"

"காரை மாதிரி. சுரண்டி எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு பொட்டு இல்லாம" என்றார் டாக்டர் பெருமையாக. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

தஸ்லிமா சிரித்துவிட்டார்.

"அது அரக்கு. மரத்தூள் போட்டு உருக்கி நான்தான் ஊத்தினேன். இரும்பு அசையாம உக்காரட்டும்னு."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

"ஒரு அங்குல அகலத்துல வேலை பார்க்கிறவன்னு சொன்னீங்க. நான் நடுவுல பேசலாமா?"

அருணகிரி தன் தடத்தில் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

தஸ்லிமா துப்பாக்கியை மேசையில் கிடத்தினார்.

"எங்கம்மாவை உங்ககிட்ட ஒரு தடவை கூட்டிட்டு வந்தேன். ஞாபகம் இருக்குங்களா? பல்லு க்ளீன் பண்ணிட்டு வீட்டுக்குப் போனதும், க்ளீன் பண்ணதாலதான் பல்லு ஆடுதுன்னு ஒரே சண்டை. திரும்பக் கூட்டிட்டு வந்தேன்."

"ஞாபகம் இருக்குதுங்க. என் கையைக் கடிக்கவே வந்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதானுங்க. காரை பல்லைப் பிடிச்சுட்டு நிக்கறதில்லீங்கம்மா, ஆட்டம் முன்னாடியே இருந்ததுன்னு." டாக்டர் நிமிர்ந்தார். "அது உண்மைதானுங்க மேடம்."

"உண்மைதான்" என்றார் தஸ்லிமா. "பல்லுக்கு."

பக்கத்துத் தடத்தில் ஒரு குண்டு 'தட்'டென்று அட்டையில் பட்டது.

தஸ்லிமா அலமாரியைத் திறந்து தன் சொந்தத் துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை எடுத்துட்டுப் போங்க. மூணு நாள் பழகினாப் போதும். கௌரவமா சுட்டுட்டு வரலாம்."

டாக்டர் அதைப் பார்த்தார். நல்ல துப்பாக்கி. அப்புறம் இடதுசாரியைப் பார்த்தார். விரலால் இன்னொரு தரம் அசைத்தார். டுக்.

"பட்டன் எப்பங்க வைக்கறீங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"அப்ப இது இங்கயே இருக்கட்டுங்க" என்று அலமாரியைக் காட்டிவிட்டு, இடதுசாரியை உறையில் போட்டுக்கொண்டார். "ஓட்டையை அடைக்கிறது எனக்குப் புதுசுங்களா?"

மாடியறையில் மறுபடியும் பெட்ஷீட் விரிந்தது. இந்தத் தடவை பூங்கொடியையும் கூப்பிட்டுக்கொண்டார். டாக்டர் எடுத்து வைத்திருந்த மரத்தூளை, இரண்டு டியூப் கலந்து போடுகிற பசையோடு சேர்த்து இழைத்துக் கொடுத்தது பூங்கொடிதான். கிளினிக் தொடங்கிய புதிதில் அவரேதான் பல்லுக்கு அடைக்கிற கலவையையும் குழைத்துக் கொடுப்பார். கை மறக்கவில்லை.

டாக்டர் இரும்பின் அடிப்பக்கம் முழுக்க வாஸ்லீன் பூசினார். பல் அச்சு எடுக்கும்போது செய்வது போல. பள்ளத்தில் கலவையை வைத்து, இரும்பை நேராக இறக்கி, அழுத்தி, பிதுங்கியதை வழித்துவிட்டு, திருகுகளை லேசாகப் பிடிக்க விட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எவ்வளவு நேரம்?" என்றார் பூங்கொடி.

"நாளைக்குக் காத்தால வரைக்கும். ரெண்டு மணி நேரம் எதையும் கடிக்க வேண்டாம்னு சொல்லு."

"கீழ ஒருத்தரு அரை மணி நேரமா உக்காந்திருக்காரு. அவருகிட்ட என்ன சொல்ல?"

"அவருகிட்ட நான் வர்றேன்."

காலையில் திருகுகளைக் கழற்றி, இரும்பைத் தூக்கினார். வரமாட்டேன் என்று ஒரு கணம் பிடித்துக்கொண்டு, பிறகு வந்தது. பள்ளத்தில் இரும்பின் ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு கீறலும் அப்படியே பதிந்திருந்தது. பளபளப்பு ஒன்றும் இல்லை. சொரசொரப்பாகத்தான் இருந்தது. டாக்டர் அதைத் தேய்க்கவில்லை. திரும்பப் பூட்டி, பெயிண்ட் சுவட்டை வைத்துத் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார்.

சத்தமில்லை.

சனிக்கிழமை குடோனில் நல்ல கூட்டம். அருணகிரி வெளியூர் போகவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் ஐந்து குண்டு சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் கை திருகை நோக்கிப் போனது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது.

அட்டை வந்தது. ஐந்தும் இடது ஓரத்தில். பழையபடி இரண்டு வட்டம் தள்ளி.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "போச்சு" என்றது ஒரு குரல்.

தஸ்லிமா பட்டனை எடுத்து வைத்தார். குனிந்து பார்த்தார். பட்டனை எடுத்தார். ஐந்து துளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே கிழிசலாகத் தெரிந்தன. பட்டனை இன்னொரு தரம் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை.

தலையாட்டினார்.

பிறகு மேசை டிராயரைத் திறந்து, சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"இப்பத் திருப்புங்க."

டாக்டர் திருகைத் திருப்பினார். அடுத்த ஐந்தும் நடுவில் விழுந்தன. யாரும் கை தட்டுவதற்கு முன்னால் டாக்டர் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்து, பட்டனைத் தேடினார்.

"என்ன டாக்டரே, புதுச் சட்டையை வீணாக்கிப் போட்டீங்களே" என்றார் அருணகிரி. ஆனால் போட்டிக்குத் தன் காரிலேயே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதும் அவர்தான்.

போட்டியில் டாக்டருக்கு மூன்றாவது இடம். நடுவில் ஒரு குண்டு எட்டாவது வட்டத்துக்கு ஓடிவிட்டது. அவர் கை திருகிடம் போகவில்லை. ஒரு மூச்சு விட்டு, இடது காலைக் கொஞ்சம் மாற்றி வைத்தார். அடுத்தது பழைய இடத்துக்கே வந்து விழுந்தது. பின்வரிசையிலிருந்து தஸ்லிமா அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அருணகிரி ஓட்டினார். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெண்கலப் பதக்கம் சட்டைப் பையில் கனத்தது. பின்சீட்டில் தஸ்லிமாவும், அவருக்குப் பக்கத்தில் இடதுசாரியும்.

"மேடம்" என்றார் டாக்டர், திரும்பி.

"சொல்லுங்க."

"முதல்ல கேட்டதேதானுங்க. ஒரு திருகு. ரெண்டு திருப்புல நடுவுக்கு வந்துருச்சு. அதுக்குப் பெயிண்ட் அடிச்சு மூடி வச்சது யாருங்க?"

"நான்தான்."

"எங்களையெல்லாம் இத்தனை வருஷமா வேணும்னே இடது ஓரத்துலயே சுட வச்சீங்களா?"

"ஆமா."

அருணகிரி கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"ஏனுங்க?"

தஸ்லிமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகள் ஆரம்பித்துவிட்டன.

"மெருகு போட்டுக் கொண்டு வந்தீங்களே, அன்னிக்கு அஞ்சும் நடுவுல விழுந்துச்சில்ல, டாக்டர்?"

"விழுந்துச்சுங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

"வச்சிருந்தா அஞ்சும் மறைஞ்சிருக்காது. நடுவைப் பார்த்ததும் அன்னிக்கு நான்கூடப் பட்டனை எடுக்கலை."